‘உங்க தண்ணி எப்படி?’: பாலாற்றங்கரையில் ஆயில் இன்ஜினின் கதை

மேல்விஷாரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகும் சந்து ஒன்றில் ஆயில் இன்ஜின் பழுது பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். இன்ஜின் கிளம்பவில்லை என்று போனால் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பது, “டீசல் இருக்கா?” என்பதுதான். இவர் முதலில் ஊர் எது என்று கேட்பார். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: “உங்க தண்ணி எப்படி?”

சின்ன வயதில் தாத்தாவோடு போனபோது இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. டீசலில் ஓடுகிற இயந்திரத்துக்கும் கிணற்றுத் தண்ணீரின் ருசிக்கும் என்ன சம்பந்தம்? தாத்தா சிரிக்கவில்லை. “கரிக்குது பாய்” என்றார். “அப்ப ஹெட்ட கழட்டிடலாங்க” என்றார் பாய். டீசல் டேங்கின் மூடியைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை.

பாலாற்றங்கரையில் இன்ஜினும் தண்ணீரும் தோலும் எப்படி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்று பிற்பாடு தேடிப் படித்தேன். தேடப் போன இடத்தில் எல்லாம் ஒரே ஒரு ஆள் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன்.

1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் இவர். வகுப்பறையில் அடங்கி உட்காரும் ஆள் இல்லை. சென்னை ஓவியப் பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். நம் பாட்டிமார் சமையலறைக்கு அலுமினியம் வந்த வழியில் இவருக்கும் பங்கு உண்டு. கைத்தறியில் கை வைத்தார். அடுத்துத் தொட்ட இரண்டு விஷயங்கள்தான் நமக்கு முக்கியம். ஒன்று, கிணற்றிலிருந்து இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பது. இன்னொன்று, குரோம் முறையில் தோல் பதனிடுவது. இரண்டு சோதனைகளும் 1900களின் முதல் சில ஆண்டுகளில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், ஒரே மனிதரின் மேற்பார்வையில் நடந்தன.

அன்றைக்கு இந்த இரண்டுக்கும் உறவு இருந்தது, நல்ல உறவுதான். கவலை ஏற்றம் பார்த்திருப்பவர்கள் இப்போது குறைவு என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, கிணற்றுக்குள்ளிருந்து சால் நிறைய தண்ணீர் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் வால் தொங்கும். மேலே வந்ததும் அந்த வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்க நனைந்து காய்ந்து நனைவதால், பட்டையில் பதனிட்ட தோல் சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் தண்ணீருக்கு நன்றாகத் தாக்குப்பிடித்தது. ஆகவே சாட்டர்டனின் பட்டறையில் செய்த குரோம் தோலின் ஆரம்பகாலப் பயன்களில் ஒன்று, கவலைக்கான தோல். குரோம் நம் ஊர்க் கிணற்றுக்குள் முதன்முதலில் இறங்கியது இப்படித்தான், தண்ணீர் எடுத்துக் கொடுக்க.

இன்ஜின் சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி கம்பெனி செய்த இன்ஜின். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டுவர்ட் என்பவரின் வடிவமைப்பு. டீசலின் இன்ஜின் சந்தைக்கு வருவதற்கு முன்பே, 1892இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. சிலிண்டருக்குப் பின்னால் இரும்புக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் விளக்கின் சுவாலையை ஊதி அந்தக் குமிழை நிமிடக் கணக்கில் சூடாக்க வேண்டும். போதுமான சூடு ஏறியதும் ஃப்ளைவீலைக் கையால் சுழற்றிவிட வேண்டும். எண்ணெய் போய்ச் சூடான குமிழில் பட்டு ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். தீப்பொறி கிடையாது, மின்சாரம் கிடையாது. ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் சூட்டிலேயே அது ஓடும். பாரம் குறைந்தால் குமிழ் ஆறிப்போய் நின்றுவிடும். மறுபடி விளக்கு, மறுபடி ஊதல்.

இது கிளம்பாதபோது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். குமிழ் சூடா, எண்ணெய் வருகிறதா, வால்வு உட்காருகிறதா. ஆனால் ஏற்றம் மிதித்துப் பழகிய ஊரில் இந்த மூன்றையும் கேட்க யாருக்குத் தெரியும்? சாட்டர்டன் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தது அவருடைய கணக்குகள் அல்ல. (கணக்கு போடாமல் அவரால் ஒரு பக்கம் எழுத முடியாது, 1912இல் வந்த அவருடைய ‘லிஃப்ட் இரிகேஷன்’ நூலே சாட்சி.) இன்ஜினை விற்றுவிட்டுப் போனால் அது துருப்பிடித்து நிற்கும், பழுது பார்க்க ஆள் கூடவே போக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் கடன் கொடுத்து இன்ஜின் வாங்க வைத்ததோடு நிற்காமல், அரசாங்கமே மெக்கானிக்குகளை ஊர் ஊராக அனுப்பியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடாத ஊரில் அரசாங்கம் என்றால் அது ஸ்பானரோடு வந்த ஒரு ஆள்.

இது நீடிக்கவில்லை. அரசே தொழில் நடத்தலாமா என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தார்கள். 1910இல் லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி, இந்த மாதிரி வேலையெல்லாம் வேண்டாம் என்று உத்தரவு போட்டார். அரசின் குரோம் பட்டறை கைமாறியது. பம்ப், போரிங் வேலை மட்டும் தப்பித்தது. சாட்டர்டன் 1912இல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார்.

குரோமும் உடனே ஜெயிக்கவில்லை. அடுத்த அறுபது வருடத்துக்கு மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லா இடத்திலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ராஜா. பிறகு வாட்டில் பட்டை. குழியில் ஊறப் போட்டுப் பாதி பதனிட்ட தோலாகக் கப்பலேற்றினார்கள். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று அதற்கு உலகச் சந்தையில் பெயர். மெருகேற்றி ஷூவாக்கும் லாபம் வெளிநாட்டுக்காரனுக்கு. ஆனால் தொழில் இங்கே ஊரை வளர்த்தது. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரிகளின் பணத்தில் பள்ளிகள் எழுந்தன, 1965இல் அப்துல் ஹக்கீம் கல்லூரி எழுந்தது. டேனரி என்றாலே கழிவு என்று நினைக்கிறவர்கள் அந்தக் கல்லூரி வாசலில் காலை ஒன்பது மணிக்கு அரை மணிநேரம் நின்று பார்க்க வேண்டும்.

இன்ஜினுக்கு வருவோம். ஹார்ன்ஸ்பி போய் லிஸ்டர் வந்தது. டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் 1930 வாக்கில் செய்ய ஆரம்பித்த, இரண்டு பெரிய ஃப்ளைவீல் வைத்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின். 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று. இன்றைக்கு பைக் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வேகம் நம்பவே முடியாது. ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். குஜராத்தின் ராஜ்கோட்டில் அதையே அச்சு அசலாக வார்த்து இறக்கினார்கள். 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி இன்ஜினாக இருந்தாலும் பச்சை பெயின்ட் அடித்திருந்தால் அது லிஸ்டர்தான்.

வட ஆற்காடு கிணறுகளின் மாவட்டம். பாலாறு மேலே ஓடுவது அபூர்வம், மணலுக்கடியில் ஓடுகிற ஆறு. கரையோரம் கொஞ்சம் தோண்டினால் ஊற்று. ஏரி வறண்டாலும் கிணறு கை கொடுக்கும். மின்சாரம் எல்லாக் கிணற்றுக்கும் வந்து சேரும்வரை, வந்த பிறகும் அது பாதி நேரம் இல்லாததால், இன்ஜின்தான் விவசாயியின் கை. 1970களில் கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து எங்கள் மாவட்டத்துக் கிராமங்களை அளந்தார்கள். 1977இல் பி.எச். ஃபார்மர் தொகுத்த நூலின் தலைப்பில் ‘பசுமைப் புரட்சி’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறிக்கு நிறையக் காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று, கிணற்று நீர் எவ்வளவு நாள் தாங்கும் என்பது.

லிஸ்டர் கிளம்பாவிட்டால் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பாய் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தது. மேலே இருக்கும் டீகம்ப்ரஸர் நெம்பைத் தூக்கிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். நெம்பு தூக்கியிருந்தால் வால்வு திறந்தே இருக்கும், காற்று அடைபடாது, கை லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் நெம்பை இறக்கினால் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகி டீசலைப் பற்றவைக்கும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போகும். ஹேண்டிலின் பல் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். இன்ஜின் கிளம்பிய பிறகும் அது கழன்று வராமல் கூடவே சுற்றும். அப்போது ஓடத்தான் வேண்டும்.

இப்போது கிளம்பவில்லை. முதலில் காது. சுற்றும்போது நாசில் ‘கிரீக், கிரீக்’ என்று முனக வேண்டும். முனகினால் டீசல் போகிறது. முனகாவிட்டால் டேங்க் காலி, இல்லையென்றால் குழாயில் ஏர் பிடித்திருக்கிறது. டேங்க் வறண்டு போகும்படி ஓட்டியவர்களுக்கு வருகிற வியாதி இது. ஃபில்டரின் தலையில் உள்ள ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை விட வேண்டும். அப்புறம் பம்ப், கடைசியாக நாசில் பக்கத்து நட். டேங்கிலிருந்து நாசில் பக்கமாகத்தான் ஏர் எடுத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

டீசல் சரி என்றால் அடுத்தது கை. நெம்பை இறக்கிவிட்டு மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் ஹேண்டில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் கம்ப்ரஷன். முட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் காற்று எங்கோ கசிகிறது. எங்கே? அதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. காற்று உள்ளே போகும் வழியில் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றிச் சுற்றிப் பார்ப்பது. முட்டல் திரும்பி வந்தால் குற்றவாளி பிஸ்டன் ரிங். ஆயில் போய் இடைவெளியை அடைத்திருக்கிறது. வராவிட்டால் வால்வு. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி சொல்கிற பதிலை இரண்டு ஸ்பூன் ஆயில் சொல்லிவிடும். மார்கழிக் குளிரில் இன்னொரு வைத்தியம் உண்டு. டீசலில் நனைத்த துணியைப் பற்றவைத்து காற்று வாயில் பிடித்துக்கொண்டு சுற்றுவது. பாய்க்கு அது பிடிக்காது. “அது இன்ஜினுக்குச் சாராயம் ஊத்தற மாதிரிப்பா தம்பி, நாளைக்கும் கேக்கும்” என்பார்.

பம்ப் பக்கம் தனிக் கதை. இன்ஜின் ஓடும், தண்ணீர் வராது. கிணற்றின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வின் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருக்கும். அதற்குச் சாணியைக் கரைத்து மேலிருந்து ஊற்றுவார்கள், இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். இன்ஜினையும் பம்பையும் இணைத்த பட்டை பெல்ட்டும் ஆரம்பத்தில் தோல்தான். தோலுக்கும் தண்ணீருக்கும் இருந்த அந்தப் பழைய சிநேகம் இதுவரைக்கும் சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

1972இல் சீதாராமையா கமிட்டி அறிக்கை கொடுத்தது. பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலாகவே அனுப்ப வேண்டும் என்பது சாரம். தேசத்துக்கு அந்நியச் செலாவணி, ஊருக்கு வேலை. சாட்டர்டன் 1903 வாக்கில் கண்ட கனவு இதேதான். நியாயமான கனவும்கூட. ஆனால் பட்டைக் குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், குரோம் டிரம்மில் மணிக்கணக்கில் முடிந்தது. தோல் வேகமாகப் போகப் போகத் தண்ணீரும் வேகமாகப் போனது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று பிற்பாடு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது. அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்று செலாவணிக் கணக்கு போட்டவர்கள் யோசிக்கவில்லை. அது ஓடையில் போனது, ஏரியில் போனது, பாலாற்று மணலில் இறங்கியது. மணலுக்கடியில் ஓடுகிற ஆறு என்றேனே, கரையோரக் கிணறுகள் எல்லாம் அதே ஆறுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்ததும் குரோமியம் என்று ஆரம்பிப்பார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் உப்புகள் தயாரித்த தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடியபோது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு, உண்மையிலேயே நஞ்சான அறுமதிப்புக் குரோமியம். அது வேறு கதை. டேனரித் தொட்டியில் பயன்படும் குரோமியம் வேறு வகை. பெரும்பாலும் சேற்றோடு மண்ணில் தங்கிவிடும். கிணறுகளைக் கொன்றதில் பெரிய பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பு தடவுவார்கள். பதனிடும் முன் அதைக் கழுவ வேண்டும். முடி நீக்கச் சுண்ணாம்பு. பட்டை காலத்திலும் இந்த இரண்டும் இருந்தன. குரோம் வந்தபின் அளவு பல மடங்கானது.

பாயின் கேள்வி இங்கேதான் வருகிறது. லிஸ்டர் தண்ணீரால் குளிர்கிற இன்ஜின். தனித் தொட்டி வைத்துச் சுழலவிடலாம், செலவு. எங்கள் பக்கத்தில் பம்ப் தள்ளுகிற தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாய் எடுத்து சிலிண்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் இன்ஜினைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாக வெளியே வரும். குளிர்காலத்தில் நாங்கள் குளித்தது அதில்தான். தண்ணீர் நன்றாக இருந்தவரை இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது.

தண்ணீர் கெட்டதும் உப்பு அரித்தது, சுண்ணாம்பு படிந்தது. டீ பாய்லரில் படிவது போல ஜாக்கெட்டின் உட்சுவரில் வெள்ளையாக ஏடு ஏடாக ஏறியது. அது சூட்டை வெளியே விடாது. சிலிண்டர் கொதித்தது. சூட்டில் இன்ஜின் ஆயில் கருகி, கரி ரிங்கின் பள்ளத்தில் இறுகி, ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய ரிங் காற்றைப் பிடிக்காது. காற்று பிடிக்காவிட்டால் கம்ப்ரஷன் இல்லை, கம்ப்ரஷன் இல்லாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. இன்னும் சில இன்ஜின்களில் உப்பு லைனரையே அரித்துத் துளை போட்டது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் கறுப்பாக இருக்காது, மோர் மாதிரி வெளுத்திருக்கும். தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே காட்பாடிப் பக்கம் மலையடிவாரத்து ஊர்க்காரர் வந்தால் பாய் டீசலிலிருந்து ஆரம்பிப்பார். டேனரி ஓடைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர் வந்தால் ஹெட்டிலிருந்து ஆரம்பிப்பார். எந்த ஊர்க் கிணறு எந்த வருடம் கரிக்க ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியும். அளந்து எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவர் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள். “வேலையும் வேணும், தண்ணியும் வேணும். ஒன்ன சொன்னா இன்னொன்னுக்கு விரோதியா?” என்று ஒருமுறை எரிச்சலாகச் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அளந்து எழுதியவர்களும் இருந்தார்கள். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியாவில் சட்டம் படிக்கிற யாரும் இந்த வழக்கைத் தாண்டாமல் போக முடியாது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. டேனரி வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் இருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம்.

ஆணையம் 2001இல் முடிவுக்கு வந்தது: 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள், தொகை 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு ஏறத்தாழ 9,190 ரூபாய். ஆளாளுக்குக் கிடைத்தது கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் கெட்ட கிணற்றுக்கு மாற்றாக இன்னொரு கிணறு வெட்டவோ ஆழ்துளை போடவோ அந்தச் சராசரி எந்த மூலைக்கு?

அதற்குள் இன்ஜின்களின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், சில ஆண்டுகளில் எல்லோருக்கும் இலவச மின்சாரம். திறந்த கிணற்றுக்குப் பதில் போர், போருக்குள் மூழ்கிய மோட்டார். டேனரிகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பிறகு கழிவுநீரையே வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. மண்ணில் இறங்கிய உப்பு அப்படியே இறங்கியிருக்கிறது. நல்ல மழை பெய்து பாலாறு மேலே ஓடுகிற வருடங்களில் சில கிணறுகள் கொஞ்சம் தேறும். அடுத்த கோடையில் மறுபடி கரிக்கும்.

வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி பாலாற்றைப் பற்றித் தீர்ப்பெழுதியது. இன்னும் இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு போட்டு ஆற்றைச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. 1991இல் வழக்குப் போட்டபோது கிணற்றடியில் ஹேண்டில் சுற்றியவர்களில் பலர் இதைக் கேட்க உயிரோடு இல்லை. நிலம் பாகம் பிரிந்து மூன்று நான்கு பெயருக்கு மாறியிருக்கிறது. பணம் கேட்டுப் போகிறவர்கள் பட்டாவும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.